பல்லவர் காலத்து மிளகாய்

11 ஆகஸ்ட் 2002, ஞாயிறு

இன்று செங்கல்பட்டில் ராஜா காலத்துப் படம் பார்த்தோம். சண்டையில் பல்லவ ராணி எதிரிகளின் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தூவுகிறாள். தியேட்டரே கைதட்டியது. மிளகாய் நம் நாட்டுக்கு வந்ததே பல நூறு வருடம் கழித்து, கப்பலில்தான். நூலகப் புத்தகத்தில் படித்திருக்கிறேன்.

கல்பாக்கம் திரும்பும் பஸ்ஸில் இதைச் சொன்னேன். பெரியம்மா மகன் சேகர் அண்ணன் சிரித்தான்.

"அப்ப ராஜாவுக்கு இன்னாத்த போட்டுக் கொழம்பு வெச்சாங்க?"

"மிளகு."

"பார்றா, அரமனை வூட்டு சமையக்காரி!"

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். போன வாரம் பார்த்த கொலைப் படத்தில், மழையில் ஓடிய போலீஸ்காரர் ஷூவில் சேறே இல்லை என்று இதே அண்ணன் சொன்னபோது, "எப்படிக் கவனிச்சிருக்கான் பாரு" என்றாரே! அவன் தப்பு கண்டுபிடித்தால் புத்திசாலித்தனம், நான் கண்டுபிடித்தால் வாயாடித்தனமா?

"பல்லவர் காலத்துல மொளகா இருந்துச்சுன்னு சொல்லு. அப்பதான் அடுத்த வாரம் உனுக்கு டிக்கெட்டு" என்றான். அடுத்த வாரம் துப்பறியும் படம். ஒரு மாதமாக அதற்காகக் காத்திருக்கிறேன். அம்மாவைப் பார்த்தேன்.

"சொல்லித் தொலையேன்டி, எல்லாரும் பாக்கறாங்க."

சொன்னேன். சத்தமாகச் சொல்லச் சொன்னான். சத்தமாகவும் சொன்னேன். பின் சீட்டில் யாரோ கைதட்டினார்கள்.

அவன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல்தான் அதிகமாக வருகிறது. இங்கேயாவது சரியாக எழுதிவிடுகிறேன். பல்லவர் காலத்தில் இங்கே மிளகாய் கிடையாது. கிடையவே கிடையாது.