இரண்டாவது கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை, நிலத்தடி நீர் அளக்கிற எங்கள் அரசாங்கக் கந்தோருக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிற பிள்ளை அளவு நாடாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கிணற்றுக்குள் இறக்கித் தண்ணீர் மட்டம் பார்ப்போமே, நுனி தண்ணீரில் பட்டதும் கீச்சிடுமே, அந்த நாடாதான். சுற்றி வைத்திருந்ததில் பாசி மணம் வந்தது. பாசிக்கு அடியில் இன்னொரு மணம். சவர்க்காரம். மண் வெடிக்கிற கோடையில், ஆள் குடியில்லாத வளவுக்குப் போய்வந்த நாடாவில் சவர்க்காரம் எப்படியடி மணக்கும்? எந்தக் கிணறு என்று எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. என்றாலும் கேட்டேன்.

"விசுவமடுவுக்கு அங்கால, காட்டுக் கரையில ஒரு பாழ் வளவு இருக்கெல்லோ, அக்கா, அதுதான். விடிய ஒரு அளவு, பின்னேரம் ஒரு அளவு. மூண்டு விரற்கடை இறங்குது. அடுத்தநாள் விடிய பழையபடி ஏறி நிக்குது. ஒருத்தரும் அள்ளுறேல்லை."

அவள் உன்னைக் கண்டதில்லை. உன் பெயரையும் கேட்டதில்லை. நீ எழுதிவைத்த அதே அளவு, அதே மூன்று விரற்கடை.

நீயும் நானும் நிலத்தியல் படித்துவிட்டு ஒரே நாளில் இந்தக் கந்தோருக்குள் வந்தோம். மற்றதெல்லாம் ஆம்பிளைகள். "கடற்கரைப் பிள்ளைக்கு நல்லதண்ணியைப் பற்றி என்ன தெரியும்?" என்று அப்போதிருந்த பெரியவர் முதல்நாளே உன்னைப் பார்த்துக் கேட்டார். "உப்புத்தண்ணிக்குப் பக்கத்தில இருக்கிறவைக்குத்தான் சேர் நல்லதண்ணியின்ர அருமை தெரியும்" என்றாய். அதற்குப் பிறகுதான் எங்களுக்கென்று அந்தச் சட்டம் வந்தது: பெண்பிள்ளைகள் தனியே வெளிவேலைக்குப் போகக் கூடாது, இரண்டு பேராய்ப் போய் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால்தான் அளவு செல்லும். ஆம்பிளைகளுக்கு ஒரு கையெழுத்துப் போதும். பாதுகாப்புக்காம். "எங்களைச் சோடி மாடு மாதிரிப் பூட்டி விட்டிருக்கினம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

அந்த வளவுக்கு முதல்முறை போன அன்று சந்திக் கடைக்கார அம்மா எங்களை மறித்தா. "பிள்ளையள், அந்தக் கிணத்தடிக்குப் போகாதேங்கோ. ஏழு பேர் இருந்த வீடு. கடைசிச் சண்டைக்கை வெளிக்கிட்டுப் போனவை, ஒருத்தரும் திரும்பேல்லை. ஆனா பகலில வந்து முழுகுகினம்." "நீ போயிட்டு வா, நான் மோட்டார் சைக்கிளோட நிக்கிறன்" என்றேன். நீ நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பயந்தாங்கொள்ளி. செத்த சனம் முழுகினா முழுகட்டும், விடு. வெயில் எரிக்குது, பாவங்கள்."

மூன்று நாள் போனோம். மூன்று நாளும் நான் வீதியில்தான் நின்றேன். நீ வந்து அளவுக் கொப்பியை நீட்டுவாய், நான் பார்க்காமலே இரண்டாவது கையெழுத்தை வைப்பேன். குறிப்புக்கென்று இருக்கிற கடைசிக் கட்டத்தில் நீ 'சவர்க்கார மணம்' என்று எழுதியிருந்ததைக்கூட நான் வாசிக்கவில்லை.

பெரியவர் வாசித்தார். "இதென்ன, பேய்க்கதை எழுதுற இடமோ? ஆள் அள்ளாத கிணறு எப்பிடி இறங்கும்? வீட்டிலை இருந்து எழுதியிருக்கிறீர்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் கண்ணால பாத்தனீரோ?"

"இல்லை சேர். நான் றோட்டில நிண்டனான்."

சொன்னது முழுக்க உண்மை. உண்மையை ஒத்துக்கொண்டேன் என்று என்னை வைத்துக்கொண்டார்கள், பொய் அளவு எழுதினாய் என்று உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். வாசலில் வைத்து நீ ஏசவில்லை, அழவுமில்லை. "நீ பொய் சொல்லேல்லையடி. ஆனா ஒருக்கா வந்து பாத்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். முல்லைத்தீவில் பிள்ளைகளுக்கு ரியூசன் குடுக்கிறாய் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சில வருடங்களின் பின் ஒரு பயிற்சிக்குப் போன இடத்தில் படிப்பித்தார்கள்: கிணற்றோரம் பெரிய மரம் நின்றால் பகலில் அது வேரால் தண்ணீர் குடிக்கும், மட்டம் இறங்கும், இரவில் நிலத்தடி ஊற்று அதை நிரப்பிவிடும். அந்த வளவில் மருதமரம் நின்றதென்று நீ கொப்பியில் படமாய்க் கீறி வைத்திருந்ததைப் பிறகொருநாள் பார்த்திருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் சொல்லி மாளாது. உடனே உனக்குப் போன் எடுத்துச் சொல்ல நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று நினைத்தபடியே இருந்தேன். போன மாரியில் டெங்குக் காய்ச்சல் ஐந்து நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. செத்தவீட்டுக்கு வந்தேன். உன் அம்மா எனக்குத் தேத்தண்ணி தந்தா. குடிக்க முடியவில்லை.

இப்போது இந்தப் பிள்ளை. புளியங்குளத்தில் இருந்து வருகிறாள். தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பதால் கந்தோரில் சிலருக்கு அவள் இன்னும் 'வந்த சனம்'. அவளோடு சோடியாய்ப் போக ஒருவரும் இல்லாமல், பொறுக்க மாட்டாமல், தனியே போய் அளந்திருக்கிறாள். ஒரு கையெழுத்து, நம்ப முடியாத அளவு. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவளை வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவெடுக்க இருந்தார்கள். அவளுக்குப் பொறுப்பு நான். நான் எழுதுவதுதான் முடிவு.

"பயப்பிடாதையும். அங்கை மருதமரம் நிக்குது, அதுதான் குடிக்குது" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எந்த மருதம், அக்கா? அடிக்கட்டைதான் கிடக்கு. தறிச்சு இரண்டு வருசமாம்."

வியாழக்கிழமை விடிய அவளோடு போனேன். இம்முறை வீதியில் நிற்கவில்லை.

கறையான் தின்ற மருதங்கட்டை கிடந்தது. அதில் ஒரு பச்சைத் துளிர்கூட இல்லை. சுற்றவர வேறு பெரிய மரமும் இல்லை. கப்பி இல்லை, கயிறு இல்லை, வாளி இல்லை. ஒரு குருவிச் சத்தம்கூட அந்த வளவுக்குள் வரவில்லை. மணிக்கொருதரம் நாடாவை இறக்கினோம். ஒவ்வொருமுறையும் கீச்சுச் சத்தம் கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் ஆழத்தில் இருந்து வந்தது. மத்தியானம் எட்டிப் பார்த்தேன். இலை அசையாத வெயிலில் தண்ணீர் நடுவில் இருந்து வட்டம் வட்டமாய் விரிந்துகொண்டிருந்தது, இப்போதுதான் ஆரோ வாளியைத் தூக்கியதுபோல. மூன்று மணிக்கு அந்த மணம் வந்தது. துவைக்கிற கல்லில் கையை வைத்தேன். காலையில் இருந்து வெயிலில் காய்ந்த கல், ஊறப்போட்ட துணிபோலக் குளிர்ந்து கிடந்தது.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நிப்பம்" என்றாள் அவள், மெல்லிய குரலில். "வழி விடுவம்." இரண்டு பேரும் தள்ளி நின்றோம்.

மூன்று விரற்கடை. கொப்பியை வாங்கி, கடைசிக் கட்டத்தில் 'சவர்க்கார மணம். காரணம் தெரியாது' என்று எழுதி இரண்டாவது கையெழுத்தை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சிரித்தார்கள். "உங்களுக்கு என்ன விசரோ?" என்று ஒருவர் கேட்டார். "தெரியாது எண்டு எழுதினது பொய் எண்டு ஆகாது. சந்தேகமெண்டா நாளைக்கு என்னோட வாங்கோ, மூண்டாவது கையெழுத்தை நீங்கள் வையுங்கோ" என்றேன். கேட்டவர் கொப்பியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். சோடிச் சட்டத்தை எடுக்கச் சொல்லியும் எழுதிக் குடுத்திருக்கிறேன். அதற்கு இன்னும் மறுமொழி இல்லை.

பின்னேரம் அவள் பழைய கொப்பிகளைக் கிளறி உன் எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஓடி வந்தாள். "அக்கா, எனக்கு முதலே ஒராள் அளந்திருக்கிறா! ஆர் இவா? இப்ப எங்கை?"

"செத்திட்டா."

"ஏன் இந்த வேலையை விட்டவா?"

இதுவரை ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன். "என்னாலை." வீதியில் நின்றதையும், பெரியவர் கேட்டதையும், நான் சொன்ன உண்மையையும், பிறகு பயிற்சியில் மரத்தைப் பற்றிப் படித்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"மரம் தண்ணி குடிக்குமெண்டு படிச்ச பிறகு அவாவுக்குச் சொன்னீங்களோ?"

"சொல்லேல்லை."

அவள் கண் கலங்கிவிட்டது. என்மேல் இரக்கத்தில் இல்லை, கோபத்தில். கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். இன்று திங்கள். காலையில் வந்தாள், வேலைக் கதை மட்டும் கதைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை, சாப்பாட்டுப் பார்சலை வேறு மேசைக்குக் கொண்டுபோனாள்.

எனக்கு வலிக்கிறதடி. ஆனால் அவளைச் சமாதானப்படுத்த நான் போகப் போவதில்லை. நீ போன நாளில் இருந்து இந்தக் கந்தோரில் உனக்காகக் கோபப்பட ஒருத்தரும் இருக்கவில்லை. இப்போது ஒருத்தி இருக்கிறாள்.