பாதி விதை

ஜெயபுரம்,
14.09.2024

அன்பு பிரேமிளா அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே குகதாசன் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். விதைப் பொட்டலம் இல்லாமல் வெறும் கடிதம் வருகிறதே என்று யோசிக்காதீர்கள். போனில் கேட்டால் இவர் பக்கத்தில் நிற்பார்.

இந்த மாரிக் காலபோக விதைப்புக்கு மேட்டுக்காணி இரண்டு ஏக்கரும் சோளன்தானாம். ஒரு கொம்பனிக்காரர் விதையும் தந்து, விளைந்ததையும் வாங்குவாராம். குரக்கன், கௌபி, பயறு, எள்ளு, பயிற்றை ஒன்றுக்கும் இடமில்லை. "ஏழெட்டைப் போட்டு என்னத்தைக் கண்டனாங்கள்?" என்கிறார். "அப்ப சட்டிக்குள்ள என்ன போடுறது?" என்று கேட்டேன். சந்தையில் வாங்கலாமாம்.

என் விதைப் போத்தல்களையும் வைக்க விடுகிறார் இல்லை. அதிலிருக்கும் வண்டு கொம்பனி விதைக்கு ஏறுமாம். சுமித்திராவுக்கு அவித்துக் கொடுத்து முடி என்கிறார். அவளுக்கு இரண்டு வயதாகியும் நிறை காணாது என்று கிளினிக்கில் சொல்கிறார்கள்.

இடம்பெயர்ந்து முகாமில் பக்கத்துப் பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது, ஒரு வீட்டில் அழிந்தாலும் மற்ற வீட்டில் இருக்கட்டும் என்று பேசி, தை பிறந்ததும் ஆளுக்குப் பாதி விதை மாற்றி வருகிறோம். என் பாதி உங்களிடம் இருக்கிறதுதானே? இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். அது வந்த பிறகுதான் போத்தலைத் திறப்பேன்.

உங்கள் தங்கை,
சுகந்தினி

*

பூவரசங்குளம்,
27.09.2024

என் சுகந்திக்கு,

உன் கடிதத்தைக் கொண்டக்டர் அஜந்தன் இரண்டு நாள் சட்டைப் பையில் சுமந்து, வியர்வை நாறத் தந்தான். பஸ்காரனை நம்பினால் இப்படித்தான்.

செல்வராசாவுக்கு என்ன பிடித்தது? நீயும் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்ல மாட்டாய். முகாமில் தண்ணீர் வரிசையில் என்னோடு சண்டை பிடித்த வாய் எங்கே போனது?

இங்கே அத்தானுக்கு ஆனியிலிருந்து வேலை இல்லை. கிணறும் அடி தெரிகிறது. அதை விடு. விதை கேட்டாய். எங்கே ஓடப் போகிறது? இருக்கிறது. நீ பயப்படாமல் பிள்ளைக்கு அவித்துக் கொடு. நிறை ஏறியதும் மறக்காமல் எழுது.

அன்பு அக்கா,
பிரேமிளா

*

ஜெயபுரம்,
01.12.2024

அன்பு அக்காவுக்கு,

உங்கள் வரியை நம்பி எல்லாவற்றையும் அவித்தேன். ஒரு மாதம் கௌபியும் பயறும் குரக்கன் கூழும்தான். ஐப்பசியில் மருத்துவமாது, "பாருங்கோ, பிள்ளைக்கு நிறை ஏறியிருக்கு" என்று கார்ட்டைக் காட்டினா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போது எல்லாம் போய்விட்டது. சோளனில் படைப்புழு. குருத்துக்குள் இருந்து தின்கிறது. இரண்டு தரம் மருந்தடித்தும் நிற்கவில்லை, கையிலிருந்த காசுதான் முடிந்தது. பக்கத்துக் காணி வீரபாகு அண்ணையின் சோளனையும் தின்றதுதான். ஆனால் இடையில் போட்ட கௌபியும் பயிற்றையும் அவருக்கு நிற்கின்றன, இன்னும் பிஞ்சு. எங்களுக்கு நிற்க ஒன்றுமில்லை. கொம்பனி விதையில் அரைப் பை மிச்சம். நஞ்சு பூசி ரோசா நிறம். பசித்தாலும் அவிக்க முடியாது.

சுமித்திரா சோறும் சொதியுமாகத் திரும்ப மெலிந்துவிட்டாள். கடைக் கௌபி வாங்கி ஊறவைத்துப் பார்த்தேன், முளைக்கவில்லை. நிலத்தில் ஈரம் இருக்கிறது. இந்தக் கிழமை போட்டால் மூன்று வாரத்தில் இலையாவது ஆயலாம். இவரும் இப்போது, "அக்காட்டக் கேட்டு எடு" என்கிறார். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் என் பாதியைக் கொடுத்து விடுங்கள். சந்தியில் நிற்பேன்.

சுகந்தினி

*

பூவரசங்குளம்,
19.12.2024

சுகந்தி,

நீ வெள்ளி, சனி, திங்கள் மூன்று நாளும் மழைக்குள் சந்தியில் நின்றதாக அஜந்தன் சொன்னான். உன் போனையும் நான் எடுக்கவில்லை. எந்த முகத்தோடு எடுப்பது?

விதை இல்லையடி. ஆவணியிலேயே முடிந்துவிட்டது. முதலில் என் பாதியை அவித்தேன். பிறகு உன் போத்தலைத் திறந்தேன். உன்னுடையது என்று தெரிந்துதான் திறந்தேன். மூன்று பிள்ளைகளும் அடுப்படியில் வந்து குந்திக்கொண்டு இருந்தார்கள்.

உன் கடிதம் வந்தபோது உண்மையை எழுதத்தான் பேனா எடுத்தேன். வெட்கம் விடவில்லை. மாரியில் எங்காவது வாங்கி வைத்துவிடலாம், உனக்குத் தெரிய வராது என்று நினைத்தேன். பொட்டலத்தில் நாலு பூசணி விதை இருக்கிறது. வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. என்னைத் திட்டியாவது எழுது.

பிரேமிளா

*

ஜெயபுரம்,
28.01.2025

பிரேமிளா அக்காவுக்கு,

பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே பாரமில்லை. பிரிக்காமலே விளங்கிவிட்டது.

நீங்கள் அவித்ததில் எனக்குக் கோபமில்லை. பசித்த பிள்ளைக்கு நானும் அவித்திருப்பேன். ஆனால் அந்த ஒரு வரியில் உண்மை எழுதியிருந்தால் இவரோடு சண்டை பிடித்தாவது என் போத்தல்களை வைத்திருப்பேன். இந்தத் தையில் உங்களுக்கும் பாதி வந்திருக்கும். இப்போது இரண்டு வீட்டிலும் இல்லை. அதுதான் ஆறவில்லை.

பூசணி இரண்டு முளைத்து அழுகிவிட்டது. சுமித்திராவின் நிறை கார்ட்டில் சிவப்புக்குள் வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொல்லித் துண்டு எழுதித் தந்திருக்கிறார்கள். இவர் கொம்பனிக்காரருக்குப் போன் அடித்து அடித்து விட்டுவிட்டார்.

வீரபாகு அண்ணையின் கௌபி முற்றிவிட்டது. நேற்று, "விதைக்கு வைச்சிரு பிள்ளை" என்று ஒரு சுண்டு அளந்து தந்தார். மழை நின்று பத்து நாள். நிலம் வெடிக்கத் தொடங்கிவிட்டது.

பாதி பிரிக்கவில்லை. முழுவதையும் அவித்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

சுகந்தினி