ஏறாமலே மேலே இருப்பவர்

1953, ஐப்பசி, வெள்ளி இரவு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரர், நாளையிலிருந்து வேலைக்குப் போகமாட்டாராம். பூசையும் ஜபமும் வேண்டாம், நீயே அது என்று உணர்ந்தால் இந்த நிமிஷமே முக்தி என்று திருவொற்றியூருக்கு வந்திருக்கும் சாமியார் சொன்னாராம்.

நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன்.

"நீ படிப்படியா ஏறிக்கினு இரு. நான் ஏற்கெனவே மேலதான் கீறேன்" என்றார்.

"கிரேன் மேலயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இத்தனை வருஷம் ஜபித்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒருவேளை அவர் சொல்வதே நிஜமாயிருந்தால்? இருந்தாலும் பிள்ளைகளுக்குப் பசிக்குமே.

படுக்கும்போது, "காலைல ஹார்பர் சங்கு ஊதறதுக்குள்ள எழுப்பவா?" என்றேன்.

"யாரை?" என்றார்.

அவருடைய சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். எழுப்பத்தான் போகிறேன்.