குமுளிக் காட்டில் கழற்றிய பூ

அன்புள்ள மதினி,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் செம்பருத்திச் செடிக்குப் புகையிலைக் கஷாயம் அடித்தார். மாவுப்பூச்சிக்கு அதுதான் மருந்தாம். வாடை நேராக என் அடுப்படி ஜன்னல் வழியாக வந்து இறங்கியது. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே நின்றுவிட்டேன். குமுளிக் காட்டில் அட்டை ஏறாமல் இருக்க வழிகாட்டி நம் கால்களில் பூசச் சொன்னாரே, அதே நாற்றம். எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்கு முழங்கால் போய்விட்டது, கண் போய்க்கொண்டிருக்கிறது, மூக்குக்கு மட்டும் வயசாகவில்லை.

நீங்கள் போய், காரியமும் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. இதை நம் ஆனையூர்த் தெருப் பெண்கள் கவனித்துவிட்டார்கள். "நாத்தனாதானே, அம்புட்டுத்தான் இருக்கும்" என்று ஒருத்தி என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள். வழக்கமாக இப்படி ஒரு பேச்சை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அவள்மேல் கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடையதோ மாதிரி இருக்குமே, இப்போது உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கரண்ட் பில் கட்டிவிட்டேன். எழுதினாலாவது ஏதாவது ஆகுமா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தச் சுற்றுலாவுக்கு நீங்கள் முதலில் வருவதாகவே இல்லை. என் அண்ணன் மஞ்சள்காமாலையில் போனபின் அவன் பார்த்த ஆபீஸிலேயே உங்களுக்கு டைப்பிஸ்ட் வேலை கொடுத்திருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. ஆபீஸ், வீடு, அம்மா, நான். இந்த நான்கைத் தவிர நீங்கள் எதையும் பார்க்காமல் சில வருஷம் ஓடியிருந்தது. ஆபீஸ்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்து, குடும்பத்தோடு ஒருநாள் காட்டுக்குப் போய்வருவதாகத் திட்டம். காட்டுக்குள் பழைய கோயில் ஒன்று இடிந்து கிடக்கிறதாம், வழிகாட்டி கூட்டிப்போய்க் காட்டுவாராம். நான்தான் உங்களை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். எனக்குக் காட்டைப் பார்க்கிற ஆசை, உங்கள் பேரைச் சொன்னால்தான் அம்மா விடுவாள்.

முந்தின வாரம் உசிலம்பட்டியிலிருந்து உங்கள் அண்ணன் வந்திருந்தார். எனக்கு மாமா முறை. மழையை நம்பி விதைக்கிற ஆள், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். தேனியில் ஒரு மாப்பிள்ளை, மனைவியை இழந்தவர், மளிகைக் கடை வைத்திருக்கிறார், உங்களைக் கட்டிக்கொள்ளச் சம்மதமாம். "எம்புட்டு நாளைக்குத்தா இப்படியே இருப்ப? இருபத்தெட்டெல்லாம் ஒரு வயசா?" என்றார். அம்மாவைப் பார்த்தார். "அவ இஷ்டம். நான் என்னத்தச் சொல்ல" என்று அம்மா எழுந்து உள்ளே போனாள். அப்புறம் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி எடுத்துத் தேய்த்தாள். அந்தச் சத்தத்தில் பதில் இருந்தது. நீங்கள் யோசித்துச் சொல்கிறேன் என்றீர்கள். வேன் திரும்பும்போது உசிலம்பட்டியில் டீக்கு நிற்கும், அங்கே வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று மாமா கிளம்பிவிட்டார்.

ஆக, நாம் காடு பார்க்கப் போன நாளில்தான் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் போய்விட்டால் அந்த வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் எப்படி இருப்பது என்று எனக்குப் பயம். போகாவிட்டால் உங்கள் கதி என்ன என்றும் பயம். போகிற வழியெல்லாம் உங்கள் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே ஆண்டிபட்டி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

காட்டு வாசலில் வழிகாட்டி வந்தார். காக்கிச் சட்டை, முழங்கால் வரை சாக்குத்துணி கட்டியிருந்தார். முதலில் அந்தப் புகையிலைத் தண்ணீர். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பூசிக்கொண்டோம். அடுத்து அவர் சொன்னதுதான் பெரிய ரகளையாகப் போயிற்று. "பூவையெல்லாம் கழட்டிருங்க. வாசம் ஆனைக்கு எட்டும். காட்டுக்குள்ள பூ வச்சுக்கிட்டு வரக்கூடாது."

மதுரையிலிருந்து வேன் நிறையப் பெண்கள் போகிறார்கள். தலையில் என்ன இருக்கும்? ஆளுக்கு ரெண்டு முழம் மல்லிகை. வேனுக்குள் பெட்ரோல் வாசனையைவிட அதுதான் தூக்கலாக இருந்தது. ஹெட்கிளார்க்கின் சம்சாரம் முன்னால் வந்தாள்.

"ஏங்க, தாலி கட்டுன பொம்பளை தலையில இருக்க பூவக் கழட்டச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?"

"ஆனை வந்துச்சுன்னா அதுவும் நல்லா இருக்காது" என்றார் அவர்.

புருஷன்மார்கள் வானத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு மஞ்சப்பையில் எல்லாப் பூவையும் போட்டு, ஈரத்துணி சுற்றி, வேனிலேயே தொங்கவிடுவது, திரும்பியதும் வாங்கி வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பையில் போடும்போது ஒவ்வொருத்தியும் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் என் பூவைப் போட்டேன். உங்களிடம் போடுவதற்கு ஒன்றும் இல்லை. நீங்கள் ஒரு ஓரமாக நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள்.

அப்புறம் வரிசையாக நடந்தோம். ஒற்றையடிப் பாதை, மேலே இலை, கீழே சேறு. பேசக்கூடாது என்று உத்தரவு. மதுரைக்காரர்களைப் பேசாமல் நடக்கவைத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். ஒரு வளைவில் நான் பின்தங்கி, நிமிர்ந்து பார்த்தால், உங்களைக் காணவில்லை. முன்னால் எல்லாம் பின்னலும் கொண்டையுமாகப் பூ இல்லாத தலைகள். எது நீங்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எந்தக் கூட்டத்திலும் உங்களைக் கண்டுபிடிக்க நான் எதைப் பார்ப்பேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்துக் கையசைத்தீர்கள்.

கோயில் என்று சொன்னது ஒரு மேட்டில் இருந்தது. கூரை இல்லை. சுவரைப் பிளந்துகொண்டு ஒரு மரம் நின்றது. கருவறையில் சிலை இல்லை, வெறும் பீடம், அதன்மேல் மழைத்தண்ணீர். எந்தச் சாமி என்று வழிகாட்டிக்கும் தெரியவில்லை. ஆனாலும் கல்வாசலைக் கண்டதும் நம் ஆட்கள் மொத்தப் பேரும் அனிச்சையாகச் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். "போடுங்க, போடுங்க, அட்டை" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் ஹெட்கிளார்க் ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டிருந்தார். இல்லாத சாமிக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரத்தம் வழிகிற காலோடு மூன்று சுற்றும் சுற்றிவிட்டுத்தான் வந்தார்கள்.

நாம் இருவரும் உடைந்த தூண் ஒன்றில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

"மாமா வந்து நிப்பாரு. என்ன சொல்லப் போறீங்க?" என்றேன்.

"தெரியல செல்வி. அந்த மனுசன் நல்லவராத்தான் இருப்பாரு."

"அப்புறம் என்ன?"

"அதான் தெரியலங்கிறேன்ல. நீ சாப்பிடு, ஈ மொய்க்குது."

அவ்வளவுதான் பேசினீர்கள். உங்கள் குரலில் துக்கமும் இல்லை, ஆசையும் இல்லை. அந்த வருஷங்களில் உங்கள் குரல் எப்போதும் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கு என் குரலைக் கேட்டிருந்தால் உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கும்.

வேனுக்குத் திரும்பியபோது மஞ்சப்பைக்குள் பூவெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. யாருடையது எது என்று சண்டை வருமுன் வழிகாட்டியே பையை வாங்கினார். நாரைப் பிய்த்துப் பிய்த்து, வேன் வாசலில் நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு துண்டு கொடுத்தார். எனக்குக் கொடுத்தார். உங்களுக்கும் நீட்டினார்.

அவருக்கு என்ன தெரியும்? காட்டுக்குள் போனதிலிருந்து பூ இல்லாத தலைகளைத்தான் பார்த்திருக்கிறார். ஹெட்கிளார்க்கின் சம்சாரம் வாயைத் திறந்து மூடினாள். நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். கை நீட்டி வாங்கிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஓரமெல்லாம் பழுத்த பூ.

கம்பம் தாண்டியது, தேனி தாண்டியது. நீங்கள் அதைத் தொடவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது என் பக்கம் திரும்பி, "கொண்டை ஊசி ஒண்ணு குடு" என்றீர்கள். நான் என் தலையிலிருந்து உருவிக் கொடுத்தேன். நீங்கள் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து, அவசரமில்லாமல், நேராகச் செருகிக்கொண்டீர்கள்.

உசிலம்பட்டியில் இருட்டத் தொடங்கியிருந்தது. மாமா டீக்கடை வாசலில் சேவுப் பொட்டலத்தோடு நின்றார். நீங்கள் இறங்கியதும் அவர் பார்த்தது முகத்தை அல்ல, தலையை. அவர் கண் நிறைந்துவிட்டது.

"இது போதும் தாயி. நாளைக்கே தேனிக்குச் சொல்லி விட்டுர்றேன்."

"எதுக்குண்ணே?"

"பூ வச்சிருக்கியேத்தா."

"பூ மேல ஆசையா இருந்துச்சு, வச்சேன். அதுக்கு எதுக்குண்ணே ஒரு ஆளு?"

மாமாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்போது விளங்கவில்லை. "ஒண்ணு அவரக் கட்டிக்க, இல்லாட்டி பூவக் கழட்டிரு. ரெண்டும் இல்லாம எப்படித்தா? ஊரு சும்மா இருக்குமா?" என்றார். மிரட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். "நான் அத்தை கூடவே இருந்துக்கிறேன்" என்றீர்கள். அவர் சேவுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல், பஸ் ஸ்டாண்டைக் கடந்து இருட்டுக்குள் நடந்து போனார்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தாள். பார்த்தாள். அம்மாவும் தாலியறுத்தவள், எனக்கு விவரம் தெரிந்த நாளாக அவள் தலையில் பூ பார்த்ததில்லை. "கம்பத்துல திராச்சை வாங்குனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் உங்கள் சேலைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அவளும் மாமா மாதிரியேதான் நினைத்திருக்கிறாள். நீங்கள் போய் எதிரில் உட்கார்ந்து, அடுக்கினதை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தீர்கள்.

"நான் எங்கயும் போகல அத்தை."

"அப்ப தலையில?"

"அது இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அம்மா உங்களோடு பேசாமல் இருந்தாள். என்னிடம், "ஒங்க மதினியச் சாப்பிடச் சொல்லு" என்பாள். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள். நீங்களாகப் பூ வாங்கி வைத்துக்கொண்டு ஆபீஸ் போனீர்கள். தெருவில் ஆளாளுக்கு என்னென்னவோ சொன்னார்கள், அதையெல்லாம் எழுதி இந்தத் தாளைக் கெடுக்க வேண்டாம். ஒருநாள் பூக்காரி வந்தபோது அம்மா எனக்கு வழக்கமாக வாங்குகிற முழத்தை வாங்கிவிட்டு, உள்ளே போகத் திரும்பியவள் நின்று, "அவளுக்கும் சேத்துக் குடு" என்றாள். அவ்வளவுதான். அம்மா சாகிறவரை அது நிற்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் வந்தேன். சாயங்காலமானால் உங்கள் வீடு. என் பிள்ளைகள் உங்கள் வீட்டில்தான் பரீட்சைக்குப் படித்தார்கள். நீங்கள் ரிட்டையர் ஆனீர்கள், சர்க்கரை வந்தது, கண் ஆபரேஷன் ஆயிற்று. ஏன் இங்கேயே இருந்துவிட்டீர்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

நீங்கள் போன அன்று குளிப்பாட்டி முடித்ததும் பெண்கள் தயங்கி நின்றார்கள். தலையில் பூ வைக்கலாமா, முறை இல்லையே என்று பேச்சு. அப்போது மாமா வந்தார். ஊன்றுகோலோடு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, பிறந்த வீட்டுக் கோடிச்சேலையோடு. சேலைக்கு மேலே ஒரு பந்து மல்லிகை வைத்திருந்தார். "அவ பூ வைக்க யாருட்டயும் கேட்டதில்ல. நீங்க எதுக்கு யோசிக்கிறீக?" என்றார். நான் வாங்கி வைத்துவிட்டேன். இந்தத் தடவையும் கொண்டை ஊசி என்னுடையதுதான். ஒன்றுமே தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து மாமாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஸ்டாப்பில் வெயிலில் நின்றோம். பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டார்.

"செல்வி, அன்னைக்கு நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கணுமோ? ஒங்க வீட்டுல அவ சந்தோசமா இருந்தாளா?"

"சந்தோசமாத்தான் இருந்தாங்க மாமா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஏறினார். அது தெரிந்து நான் சொல்லவில்லை, மதினி. நான் சந்தோஷமாக இருந்தேன். அதனால் சொன்னேன்.