இருமல் பற்றிக் கேட்டார்கள்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலம்தானே என்று வழக்கம்போல ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போக இந்த முறை மனம் வரவில்லை. போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் ஊழியர்களுக்கு வருடா வருடம் எடுக்கும் காசநோய்ப் பரிசோதனை இந்த மாதம் நடந்தது. முன்கையில் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து நர்ஸ் வந்து வீக்கத்தை அளப்பார். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. மறுநாளே இஞ்சு டேப்பை வைத்துச் சிவந்த இடம் முழுவதையும் அளந்து, குய்யோ முறையோ என்று கத்திப் பக்கத்து வீட்டு அக்காவை வரவழைத்துவிட்டேன். "செவப்ப அளக்கக் கூடாதும்மா, தடிச்சிருக்கற மேட்டத்தான் அளக்கணும்" என்று நர்ஸ் சிரித்தார். அளந்து பார்த்தபோது மேடும் பெரிதாகத்தான் இருந்தது.

அதனால் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டார்கள். என்னோடு அங்கே வரும் நம் குட்டிக்கும் தடித்துவிட்டது. எறும்பு கடித்துவிட்டதாக எல்லோரிடமும் கையைக் காட்டிக்கொண்டு திரிகிறாள்.

பயப்படாதீர்கள். எக்ஸ்ரேயில் இருவருக்கும் நெஞ்சு சுத்தம். கிருமி உள்ளே இருக்கிறதாம், நோயாக மாறவில்லை. சில மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். முடிவு வரும்வரை நான்கு நாள் வீட்டிலேயே இருந்தோம். வாசலில் பைக் சத்தம் கேட்டால் குட்டி நீங்கள்தான் என்று ஓடுகிறாள். நானும் பின்னாலேயே ஓடுகிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். காப்பகத்தில் வேறு யாருக்கும் தடிக்கவில்லை. சின்னக் குழந்தைக்கு இது கூடவே இருக்கும் பெரியவர்களிடமிருந்துதான் வரும் என்றார் நர்ஸ். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா என்று கேட்டார். நானும் குழந்தையும் மட்டும்தான் என்று சொல்லி, படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். லீவில் வந்திருந்த ஒரு மாதமும் குட்டியை நெஞ்சில் போட்டுக்கொண்டு நீங்கள் இருமியது எனக்கு நினைவிருந்தது. வெளியே தெரிந்தால் உங்கள் வேலை போய்விடுமோ என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

நேற்றுப் போய் அந்த வரியை அடித்துத் திருத்திவிட்டேன். கோபம் வந்தால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எனக்கு உங்கள் மேல் துளியும் கோபமில்லை. கிளம்புகிற அன்று உங்கள் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தேனே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடிதம் கிடைத்ததும் டாக்டரிடம் போய்ச் சளியைப் பரிசோதியுங்கள். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் முழுதாகக் குணமாகிவிடும். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும், வந்துவிடுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை குட்டியை உங்களிடம் தர மாட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் எங்களைப் பார்க்க வேண்டும். அந்த ஜன்னல் தூரத்தை நான் பொறுத்துக்கொள்வேன். இந்தத் தூரம்தான் என்னால் முடியவில்லை.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
குட்டியின் அம்மா