தோட்டத்தில் கான்கிரீட் கிடையாது

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். வெறுமனே நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய் என்பதால் விவரமும் தருகிறேன்: கணுக்கால் வீக்கம் முழுவதும் வடிந்துவிட்டது, கைத்தடி ஒரு மாதமாகக் கதவுக்குப் பின்னால் சும்மா நிற்கிறது. நீயும் மருமகளும் குழந்தையும் அங்கு நலமென்றே நம்புகிறேன்.

பதினைந்து நாட்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை கொத்தனார் வந்தார். நான் அழைக்கவில்லை. மண்வெட்டியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, "தம்பி போன்ல சொன்னாருங்க, பின்னாடி தோட்டம் முழுக்க கான்கிரீட் போட்டுரணுமாம், அப்பா வழுக்கி விழுந்துட்டாராமே" என்றார். நாற்பது ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவனின் வீட்டில், அவனை ஒரு வார்த்தை கேட்காமலேயே தீர்ப்பெழுதி, நிறைவேற்றவும் ஆளனுப்பிவிட்டாய். உன் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. உன் முடிவை ஏற்கவுமில்லை. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் ஒரு தோட்டப் பயிற்சியாளரை அமர்த்தியிருப்பது உனக்குத் தெரியும். அம்மா சொல்லி நீ சிரித்ததும் எனக்குத் தெரியும். உன் வயதுள்ள பெண்மணி. சனிக்கிழமைதோறும் வருவார், முக்காலியில் அமர்வார், எதையும் தொடமாட்டார். "நான் கை வெச்சா அது என் தோட்டம் ஆயிடும் சார், நீங்களே தோண்டுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். என் பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவர் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு, எந்தப் பாத்திக்கு எந்த நாளில் எத்தனை குவளைத் தண்ணீர் என்று ஓர் அட்டவணை எழுதி, கையெழுத்திட்டு, சமையலறைக் கதவில் ஒட்டினேன். அதன்படியே ஊற்றினேன். மூன்று நாள் விடாமல் மழை பெய்தபோது குடையைப் பிடித்துக்கொண்டும் ஊற்றினேன். அம்மா ஜன்னல் வழியாக, "மழைக்கு வாய்தா குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள், அட்டவணையில் மழைக்கு விலக்கு எதுவும் இல்லையே என்றேன். கத்தரி அத்தனையும் வேரழுகிப் போயிற்று. பயிற்சியாளர் வந்து பார்த்துவிட்டு, "செடி உங்க கட்சிக்காரர் இல்ல சார், தேதி குடுத்தா கைகட்டி வந்து நிக்கறதுக்கு. விரலை மண்ணுல விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா ஊத்துங்க, அவ்வளவுதான்" என்றார். நான் தயாரித்த ஆவணம் ஒன்றை என் கையாலேயே கிழித்தது இந்த அறுபத்தெட்டு வயதில் அதுவே முதல் முறை. இப்போது தக்காளி நெஞ்சளவு நிற்கிறது, அவரை சுவரேறிப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறது.

இனி நான் விழுந்த விஷயம். எங்கே விழுந்தேன் என்று நீ கேட்கவில்லை. தோட்டத்துக்குப் போய் வந்தபோது விழுந்தார் என்று மட்டும் அம்மா சொல்லியிருக்கிறாள், உன் மனம் நோகுமே என்று மீதியை விழுங்கிவிட்டாள். மழையின் மூன்றாம் நாள் சேறான பாத்தியில் அரைமணி நேரம் நின்றேன், தடுமாறவில்லை. வீட்டுக்குள் ஏறும்போது, பின்வாசலில் நீ போன முறை வந்து ஆசையாகப் பதித்துக்கொடுத்தாயே, அந்தப் பளபளப்பான டைல்ஸ், அதில்தான் கால் வழுக்கியது. கால் ஈரமாக இருந்ததற்கு நானே பொறுப்பு, மறுக்கவில்லை. ஆனால் மண் என்னைக் கீழே தள்ளவில்லை. செய்யாத குற்றத்துக்கு அதைக் கான்கிரீட்டில் புதைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு, "இப்ப தம்பிக்கு நான் என்னங்க பதில் சொல்றது?" என்றார். பதிலை நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். பயிற்சியாளர் முக்காலியிலிருந்தபடியே, "சார், ஆளும் வந்தாச்சு, சிமென்ட்டும் வந்தாச்சு, குனியாம வேலை செய்ய இடுப்பளவுல செங்கல் பாத்தி கட்டிக்கலாமே" என்றார். இரண்டு பாத்தி கட்டியாயிற்று. அதன்பின், யாரும் சொல்லாமல் நானாகவே, பின்வாசல் டைல்ஸ் பதினெட்டையும் பெயர்க்கச் சொல்லிச் சொரசொரப்பான கல் பதித்துவிட்டேன். இரண்டு உடைந்தன, மீதிப் பதினாறு சுவரோரம் அடுக்கியிருக்கின்றன. "பையன் ஆசையா போட்டதுங்க, மனசு கஷ்டப்படுவான்" என்றாள் அம்மா. படட்டும் என்றேன். அவன் வருத்தத்தை என்னால் தாங்கிக்கொள்ள முடியும், அவன் முடிவுக்குள் என்னால் குடியிருக்க முடியாது.

இந்த வீட்டில் எனக்காக எதை மாற்ற நினைத்தாலும் முதலில் என்னிடம் கேள். நான் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். இனியும் நான் விழக்கூடும். விழுந்தால் எழுந்துகொள்வேன்; முடியாவிட்டால் உன்னைக் கூப்பிடுவேன். கூப்பிடும்போது வா.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி, எண்ணியதெல்லாம் கைகூடி, நெடுநாள் வாழ என் ஆசிகள். கொத்தனாருக்கு மறக்காமல் போன் செய்து ஒரு வார்த்தை சமாதானம் சொல்லிவிடு. நம் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மனிதர் மிகவும் நெளிந்துவிட்டார்.

இப்படிக்கு,
இவ்வீட்டின் உரிமையாளனும், உன்மீது அன்பு குறையாதவனுமாகிய,
அப்பா