நானே சுண்ணாம்பு பூசி மூடிய கல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று கோபிக்காதே. சுண்ணாம்பு அடிக்கும் மட்டை பிடித்துப் பழகிய கையில் பேனா நிற்கவில்லை, இந்த நாலு வரிக்கே மத்தியானம் ஆகிவிட்டது. ஆனாலும் இதை வேறு யாரும் எழுதித் தரவில்லை என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கீழே லாண்டரி வைத்திருக்கும் அம்மாள் எட்டு மாதமாக இஸ்திரி மேசையில் சாக்கட்டியால் எழுதிக் காட்டி என்னைத் தேற்றிவிட்டாள். பஸ் பலகை, மருந்துச் சீட்டு எதையும் நான் படிக்காமல் விடுவதில்லை, உன் அம்மா என்னோடு தெருவில் நடக்கவே கூச்சப்படுகிறாள்.

நம் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். கீழே உள்ள ஆறு கடைகளுக்கும் வரைபடம் இருக்கிறதாம், அவர்களுக்கு மாற்றுக் கடை உண்டு. மேலே இரண்டு மாடியிலும் இருக்கிற இருபத்திரண்டு குடித்தனத்துக்கு ஒரு காகிதமும் இல்லை. குடியிருக்கத்தான் கட்டியது என்று சாட்சி காட்டினால் மாற்று வீடு தரலாம் என்றார் அளவெடுக்க வந்த இன்ஜினியர். உடனே எல்லோருக்கும் வாசல் வளைவுக்கு மேலே உள்ள கல் ஞாபகம் வந்தது. இல்லாதவர்கள் குடியிருக்கக் கட்டியது என்று அதில் வெட்டியிருப்பதாக நாங்கள் வந்த நாளிலிருந்து கேள்வி, உனக்கும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தேன். அதை யாரும் படித்ததில்லை, ஏனென்றால் முப்பத்தெட்டு வருஷமாகச் சுண்ணாம்பு பூசி அதை மூடியதே நான்தான். பள்ளமாக இருக்கிறதே, நிரவிவிடுவோம் என்று இன்னொரு கை கூடவே பூசுவேன், அதில் பெருமை வேறு.

ஏணியில் ஏறிச் சுரண்டினேன். எழுத்து மழுங்கியிருந்ததால் கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை, விரலால் தடவித்தான் படிக்க வேண்டியிருந்தது. “சத்தமா படிங்க பெரியவரே” என்றாள் லாண்டரி அம்மாள். இத்தனை பேர் முன்னால் படிக்கிறோம் என்ற சந்தோஷத்தில் எழுத்துக் கூட்டிக் கத்தினேன். தானியக் கிடங்கு, மூட்டை அடுக்க மட்டுமே, ஆட்கள் தங்கலாகாது. முடித்துவிட்டு யாராவது மெச்சுவார்கள் என்று கீழே பார்த்தேன். இன்ஜினியர் அதைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் நான் படித்தது என் காதில் விழுந்தது.

இப்போது வீடு முழுவதும் புரிகிறது, புரிந்து என்ன பயன். ஜன்னல் எட்டாத உயரத்தில் இருக்கிறதே, தானியத்துக்குக் காற்று போதும், அது வெளியே எட்டிப் பார்க்காது. நீ சறுக்கிப் பாவாடையைக் கிழித்துக்கொண்ட படிக்கட்டு ஓரத்துச் சரிவு மூட்டை உருட்ட. உன் தொட்டில் தொங்கிய இரும்புக் கொக்கி தராசு மாட்ட.

எதிர்வீட்டுத் தையல்காரர் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார். உன் அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். “படிக்கத் தெரியலைன்னு சொல்லியிருந்தா யாரு உங்களைக் கேக்கப் போறா? இத்தனை வருஷமா அதைத்தானே சொல்லிட்டிருந்தீங்க.”

நேற்றுக் காலி செய்ய ஒப்புதல் வாங்க வந்தவர் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்று பேனாவை வாங்கி என் பேரை முழுதாக எழுதிக் கொடுத்தேன். என் முதல் கையெழுத்து, அழகாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும், எங்கே என்று தெரியவில்லை. நீ லீவு போட்டு ஓடிவராதே, வந்தாலும் செய்ய ஒன்றுமில்லை. குளிரில் காதை மூடிக்கொள், மாப்பிள்ளையிடம் முகம் சுளிக்காமல் இரு. நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இந்த விலாசத்துக்குப் பதில் போட்டுவிடாதே, மறக்காதே. அடுத்த வாரம் இதே கிழமை கட்டாயம் எழுதுகிறேன். கடிதத்தின் மேல் மூலையில் விலாசம் எழுத வேண்டும் என்று லாண்டரி அம்மாள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், புது விலாசம் தெரியும்வரை அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா